தவறிய பூட்டுச் சோதனையும் அதைத் திருத்தும் வழக்கமும்

பல கணினிகள் ஒரே தகவலை ஒரே நேரத்தில் மாற்ற முற்படும் இடங்களில், ஒரு சமயத்தில் ஒருவருக்கு மட்டுமே மாற்றும் உரிமை இருக்கவேண்டும் என்பது கணினித் துறையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அந்த உரிமையை ஒரு கோப்பின்மீது கேட்டுப் பெற்று, வேலை முடிந்தபின் விட்டுக்கொடுக்கும் ஏற்பாட்டைக் கோப்புப் பூட்டு என்பர். கோப்பு ஒரு கணினியிலும் அதைப் பயன்படுத்தும் நிரல்கள் வேறு பல கணினிகளிலும் இருக்க, இடையே கம்பிவழியாகவோ காற்றுவழியாகவோ செய்திகள் சென்று வரும் அமைப்பு வலையமைப்புக் கோப்பு முறைமை எனப்படும். இத்தகைய முறைமையில் பூட்டு தன் வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதற்காக எழுதப்படும் சிறு நிரலே பூட்டுச் சோதனை. அச்சோதனை தோற்கும்போது நிரலாளர்கள் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று உலகெங்கும் நிலைபெற்றிருக்கிறது: காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது, தோற்ற சோதனையை மறுபடி ஓட்டிப் பார்ப்பது, பிறகும் தோற்றால் கெட்ட சோதனை என்று குறித்து ஒதுக்கிவைப்பது. இவ்வழக்கத்தை முற்றிலும் பழிப்பதற்கில்லை. பல வேளைகளில் அது சரியான தீர்வாகவே அமைகிறது. ஆனால் எந்த வகைத் தோல்விக்கு அது பொருந்தும், எந்த வகைக்குப் பொருந்தாது என்னும் பாகுபாடு இல்லாமல் அது கையாளப்படுவதால், சோதனையின் பயனே சில சமயம் அழிந்துபோகிறது.

பாகுபாடு எத்தகையது என்பதைத் திருப்பதியின் டோக்கன் கவுன்ட்டர்களைக் கொண்டு எளிதில் விளக்கலாம். திருமலைக்குச் செல்லும் பக்தர்களுக்கான நேர ஒதுக்கீட்டு சர்வ தரிசன டோக்கன்கள், ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள விஷ்ணு நிவாசம், பேருந்து நிலையத்தை அடுத்த ஸ்ரீநிவாசம், மலையடிவாரத்தில் அலிபிரியில் உள்ள பூதேவி வளாகம் ஆகிய இடங்களில் வழங்கப்பட்டு வந்துள்ளன. ஒரு நேரப் பகுதிக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, அந்த வரம்புக்குள் பல கவுன்ட்டர்கள் ஒரே சமயத்தில் எண் கொடுக்கவேண்டிய எந்த ஏற்பாட்டிலும் இரண்டு கடமைகள் உள்ளன. முதலாவது, ஒரே இடம் இருவருக்குப் போகக்கூடாது; வரம்பு ஒருமுறைகூட மீறப்படக்கூடாது. இரண்டாவது, வரிசையில் நிற்பவருக்கு இடம் இருந்தால் அது என்றேனும் கிடைக்கவேண்டும். கவுன்ட்டர் திரை அசையாமல் நின்றுவிடக்கூடாது. பின்னணியில் கோப்பு இருக்கிறதா, தரவுத்தளம் இருக்கிறதா என்பது இங்கே பொருட்டன்று. பகிரப்படும் எண்ணிக்கை ஒன்றாகவும் அதை மாற்றும் கைகள் பலவாகவும் உள்ள இடம் அனைத்திற்கும் இவ்விரு கடமைகளும் பொதுவானவை.

கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1977-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவ்விரண்டையும் தனித்தனிப் பண்புகளாகப் பிரித்துக் காட்டினார். நடக்கக்கூடாதது ஒருபோதும் நடவாதிருத்தல் ஒரு பண்பு. நடக்கவேண்டியது என்றேனும் நடந்தே தீருதல் மற்றொரு பண்பு. முதலாவதைக் காப்புப் பண்பு என்றும், இரண்டாவதை முன்னேற்றப் பண்பு என்றும் தமிழில் வழங்கலாம். இவற்றைச் சோதிக்கும் தர்க்கம் ஒன்றல்ல என்பதுதான் பூட்டுச் சோதனையைத் திருத்த முனைவோர் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி. காப்புப் பண்பு ஆயிரம் ஓட்டங்களில் ஒருமுறை மீறப்பட்டாலும் மீறப்பட்டதே. அந்த ஒருமுறை கிடைத்த சான்றை, அடுத்து வரும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வெற்றிகள் அழிக்கமாட்டா. முன்னேற்றப் பண்போ அவ்வாறன்று. ஐந்து நொடிக்குள் கிடைக்காத பூட்டு ஆறாவது நொடியில் கிடைத்தால் வாக்கு மீறப்பட்டதாகாது, சோதனையை எழுதியவரின் பொறுமை குறைந்தது என்றே பொருள். ஆகவே மறுபடி ஓட்டிப் பார்த்தல் என்னும் ஒரே செயல், ஒரு வகைச் சோதனையில் நியாயமான திருத்தமாகவும், மற்றொரு வகையில் சாட்சியை அழிப்பதாகவும் ஆகிவிடுகிறது.

முன்னேற்றப் பண்பு இரண்டாம்பட்சமானது என்று இதிலிருந்து கொள்ளலாகாது. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகத் திருப்பதியில் கூடிய பெருந்திரளில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். அத்துயரம் கூட்டத்தைக் கையாளும் முறை பற்றியது, மென்பொருளைப் பற்றியதன்று. ஆயினும் காத்திருத்தல் என்பது அதைத் திட்டமிடுபவருக்கு ஓர் எண்ணாகவும், காத்து நிற்பவருக்கு உடல்வருத்தமாகவும் இருப்பதை அது மறக்கவொண்ணாதபடி காட்டியது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்கு, வரம்பு மீறாமை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வரிசை நகர்வதும். இரண்டையும் சோதிக்கவேண்டும்; ஆனால் வேறுவேறு விதிகளின்படி சோதிக்கவேண்டும்.

வலையமைப்பில் பூட்டு ஏன் இத்தனை தொல்லை தருகிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களின் நடுவில் வெளியிட்ட என்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை, சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற கொள்கைமீது கட்டப்பட்டது. ஒவ்வொரு கோரிக்கையும் தன்னளவில் முழுமையாக இருக்கும். சர்வர் நின்று மீண்டும் எழுந்தாலும் கிளையண்ட், அதாவது கோப்பைக் கேட்கும் கணினி, அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினால் போதும். அழகான இந்த எளிமைக்குள் பூட்டு அடங்கவில்லை, ஏனெனில் யார் கையில் பூட்டு இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பதே பூட்டு. எனவே பூட்டுக்கென்று தனி நெறிமுறையும், கணினிகள் நின்று எழுவதைக் கவனித்துச் சொல்ல மற்றொரு நெறிமுறையும் பக்கத்தில் சேர்க்கப்பட்டன. பூட்டைப் பெற்ற கிளையண்ட் அறிவிப்பின்றி மறைந்துபோய், திரும்ப எழாமலே இருந்துவிட்டால், அந்தப் பூட்டு சர்வரில் அநாதையாகக் கிடக்கும் குறை அந்த ஏற்பாட்டில் இருந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாகி, 2003-இல் திருத்தம் பெற்ற நான்காம் பதிப்பு, பூட்டைக் கோப்பு நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்து, அதற்குக் குத்தகைக் காலமும் விதித்தது. கிளையண்ட் குறித்த காலத்திற்குள் குத்தகையைப் புதுப்பிக்காவிட்டால் சர்வர் பூட்டைப் பறித்துக்கொள்ளலாம். லினக்ஸ் சர்வரில் இக்காலம் இயல்பாக 90 நொடிகள்.

பூட்டின்மீதான அவநம்பிக்கை மென்பொருள் எழுதுவோரிடம் ஆழமாக ஊறியிருப்பதற்கும் இவ்வரலாறே காரணம். 1990-களின் நடுவில் டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த மெயில்டிர் என்னும் அஞ்சல் சேமிப்பு முறை, ஒவ்வொரு மடலையும் தனிக் கோப்பாக வைத்துப் பூட்டே தேவைப்படாதபடி செய்தது. சிறு தரவுத்தளமான எஸ்.கியூ.லைட்டின் ஆவணங்கள், பல நிரல்கள் ஒரே நேரத்தில் அணுகக்கூடிய தரவுக் கோப்பை என்.எஃப்.எஸ். மீது வைக்கவேண்டா என்றே அறிவுறுத்துகின்றன. பூட்டுச் சோதனை தோற்றவுடன் 'என்.எஃப்.எஸ். அப்படித்தான்' என்று சொல்லி நகரும் மனப்பான்மை இத்தகைய எச்சரிக்கைகளால் வலுப்பெற்றுவிட்டது. எச்சரிக்கைகள் நியாயமானவை; ஆனால் அவை வடிவமைப்பாளருக்கு உரியவை. சோதனையைத் திருத்த அமர்ந்தவருக்கு அவை விடையாகா.

உண்மையில் சோதனையே தவறாக இருக்கும் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பூட்டு கேட்க இரண்டு மரபுகள் உள்ளன: முழுக் கோப்பையும் பூட்டும் ஃப்லாக் என்னும் அழைப்பு ஒன்று, கோப்பின் குறித்த பகுதியை மட்டும் பூட்ட வல்ல போசிக்ஸ் பூட்டு மற்றொன்று. உள்ளூர் வட்டில் ஃப்லாக் அழைப்பு, கோப்பு படிப்பதற்காகத் திறக்கப்பட்டதா எழுதுவதற்காகத் திறக்கப்பட்டதா என்று கேட்பதில்லை. படிக்க மட்டும் திறந்த கோப்பின்மீதும் தனியுரிமைப் பூட்டைக் கொடுத்துவிடும். லினக்ஸ் 2.6.12 முதல் என்.எஃப்.எஸ். கிளையண்ட், ஃப்லாக் அழைப்பைக் கோப்பு முழுவதையும் தழுவிய போசிக்ஸ் பூட்டாக மாற்றியே சர்வருக்கு அனுப்புகிறது. போசிக்ஸ் பூட்டோ, தனியுரிமை வேண்டுமானால் கோப்பு எழுதுவதற்காகத் திறக்கப்பட்டிருக்கவேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே கோப்பைப் படிக்க மட்டும் திறந்து பூட்டு கேட்கும் சோதனை, உள்ளூர் வட்டில் தேறி, என்.எஃப்.எஸ். மீது தோற்கும். பூட்டு இங்கே எந்த வாக்கையும் மீறவில்லை. வேறொரு வாக்கைக் கொடுத்திருந்தது, அவ்வளவே.

இதற்கான திருத்தம் ஒரே வரியில் முடிந்துவிடும்: கோப்பை எழுதும் முறையில் திறந்தால் சோதனை இரண்டு இடங்களிலும் தேறும். சோதனையின் நோக்கம் பூட்டின் தனியுரிமையைப் பார்ப்பதாக இருந்து, திறக்கும் முறை தற்செயலாக அமைந்ததாயின், இத்திருத்தம் முழுக்கச் சரியானது. ஆனால் அந்த ஒரு வரி, உள்ளூர் வட்டில் படிப்புமுறைத் திறப்பின்மீதும் பூட்டு கிடைக்கும் என்னும் வாக்கை இதுவரை சோதித்துவந்த ஒரே வரியாகவும் இருக்கக்கூடும். அது நீங்கியபின் நாளை எவரேனும் உள்ளூர்க் கோப்பு முறைமையில் அந்த வாக்கை உடைத்தால் எந்தச் சோதனையும் கூவாது. பொதுவான சோதனையை எழுதும் முறைக்கு மாற்றி, படிப்புமுறைத் திறப்புக்குத் தனிச் சோதனை ஒன்றை உள்ளூர் வட்டுக்கு மட்டும் வைத்து, என்.எஃப்.எஸ். மீது அதே செயல் பிழைதான் தரவேண்டும் என்று மூன்றாவதாக ஒன்றையும் எழுதுவதே முழுமையான திருத்தம். கூடுதல் உழைப்பு அரை நாள்தான்; ஆனால் சோதனைத் தொகுப்பைப் பச்சை நிறத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே குறிக்கோளாக இருக்கும்போது அந்த அரை நாளை எவரும் ஒதுக்குவதில்லை.

போசிக்ஸ் பூட்டின் மற்றோர் இயல்பு இன்னும் நுட்பமான பொறி. ஒரு நிரல் ஒரே கோப்பை இருமுறை திறந்து, அவற்றுள் எந்த ஒன்றை மூடினாலும், அக்கோப்பின்மீது அந்நிரல் வைத்திருந்த பூட்டுகள் அனைத்தும் விடுபட்டுவிடும். சோதனை நிரல் பூட்டைப் பிடித்துக்கொண்டு, இடையில் கோப்பின் உள்ளடக்கம் சரியா என்று பார்க்கத் துணைச் செயற்கூறு ஒன்றை அழைக்க, அது கோப்பைத் திறந்து படித்துவிட்டு ஒழுங்காக மூடிவிட்டால், பூட்டு அக்கணமே போய்விடும். இரண்டாவது நிரல் உள்ளே நுழையும். சோதனை, தனியுரிமை மீறப்பட்டது என்று அறிவிக்கும். நேரம் சார்ந்து சில சமயம் இரண்டாவது நிரல் தாமதமாக வருவதால் இத்தோல்வி விட்டுவிட்டுத் தோன்றி, வலையமைப்பின்மீது பழி விழும். இங்கே காத்திருப்பைக் கூட்டினாலோ மறுபடி ஓட்டினாலோ நோய் மறையுமே தவிரத் தீராது. 2014-இல் லினக்ஸ் 3.15 பதிப்பில் வந்த திறப்புசார் பூட்டு இக்குறைக்கு விடையாக அமைந்தது. அதில் பூட்டு, நிரலுக்கு உரியதாக அன்றி, கோப்பைத் திறந்த குறிப்பிட்ட செயலுக்கு உரியதாகிறது. சோதனையைத் திருத்துபவர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுவிடுவார். அறியாதவர் ஐந்து நொடித் தூக்கத்தைப் பத்தாக்குவார்.

தூக்கத்தைக் கூட்டுவதே சரியாகும் இடமும் இல்லாமலில்லை. என்.எஃப்.எஸ். 4.0 நெறிமுறையில், பிறர் கையில் இருக்கும் பூட்டுக்காகக் காத்திருக்கும் கிளையண்டுக்கு, பூட்டு விடுபட்ட செய்தியைச் சர்வர் தானாகச் சொல்லும் வழி கிடையாது. கிளையண்டே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். லினக்ஸ் கிளையண்ட் முதலில் ஒரு நொடி இடைவெளியில் கேட்டு, பிறகு இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், 30 நொடி என்னும் உச்சத்தில் நிறுத்திக்கொள்கிறது. நீண்ட நேரம் காத்திருந்த கிளையண்ட், பூட்டு விடுபட்ட அடுத்த நொடியே கேட்கும் என்பதற்கு உறுதியில்லை. இடையில் புதிதாக வந்த வேறொரு கிளையண்ட் பூட்டைப் பெற்றுக்கொண்டு போகவும் கூடும். வந்த வரிசைப்படி பூட்டு கிடைக்கவேண்டும் என்றோ, விடுபட்ட ஐந்து நொடிக்குள் கிடைக்கவேண்டும் என்றோ எதிர்பார்க்கும் சோதனை, நெறிமுறை கொடுக்காத வாக்கைக் கேட்கிறது. அதன் காலவரம்பை உயர்த்துவது சரியான திருத்தமே. 4.1 நெறிமுறையில் சர்வர் தகவல் சொல்லும் வழி சேர்க்கப்பட்டு, பின்னர் லினக்ஸ் கிளையண்டும் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதனால் ஒரே சோதனைக்கு எந்த நெறிமுறைப் பதிப்பின்மீது ஓடுகிறது என்பதைப் பொறுத்து வேறுவேறு காலவரம்பு வைப்பதே நேர்மையானது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிமிடம் என்று வைத்துவிட்டால், 4.1-இல் தகவல் சொல்லும் வழி அறவே பழுதானாலும் சோதனை தேறிக்கொண்டே இருக்கும்.

இந்தியச் சூழலில் இவ்வழக்கத்தின் நிறைகுறைகளைத் தெளிவாகக் காட்டும் திட்டம் குளஸ்டர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஏ.பி. பெரியசாமி உள்ளிட்டோர் 2005-இல் தொடங்கி, பெரும்பகுதிப் பொறியியல் பணி பெங்களூரில் நடந்த இந்தப் பகிர்வுக் கோப்பு முறைமை, பல சாதாரணக் கணினிகளின் வட்டுகளை இணைத்து ஒரே பெரிய கோப்பு வெளியாகக் காட்டுவது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் ஏறத்தாழ 136 மில்லியன் டாலருக்கு இதை வாங்கியது. ஒரே கோப்பின் நகல்கள் பல கணினிகளில் இருப்பதால், நகல்கள் ஒன்றுக்கொன்று முரணாகாதபடி காக்கும் பூட்டு, பயனருக்குக் கொடுக்கும் வசதி என்ற நிலையைத் தாண்டி, அம்முறைமையின் உள்ளுறுப்பாகவே இருக்கிறது. ஆகவே அதன் சோதனைத் தொகுப்பில் பூட்டு நேராகவும் மறைமுகமாகவும் எங்கும் வருகிறது.

குளஸ்டரின் சோதனைகள் ஷெல் மொழியில் எழுதப்பட்ட சிறு கோப்புகள். அவற்றில் பாராட்டத்தக்க ஓர் ஏற்பாடு, 'எக்ஸ்பெக்ட் விதின்' என்னும் கட்டளை: குறித்த விடை குறித்த காலவரம்புக்குள் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டு, வந்தவுடனே அடுத்த படிக்குச் செல்லும். கண்மூடித் தூங்கி எழுந்து ஒருமுறை பார்ப்பதைவிட இது எல்லா வகையிலும் மேலானது. விரைவான கணினியில் சோதனை விரைவாக முடியும். மெதுவான கணினியில் பொறுமையாகக் காத்திருக்கும். காலவரம்புகளுக்குப் பெயர் சூட்டி ஓரிடத்தில் வைத்திருப்பதால், எதற்காக எவ்வளவு காத்திருக்கிறோம் என்பதும் படிப்பவருக்குத் தெரியும். முன்னேற்றப் பண்பைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான கருவி அரிது. அதே கருவியைக் காப்புப் பண்புக்குப் பயன்படுத்தும்போதுதான் வழுக்குகிறது. இரண்டாவது கிளையண்டுக்குப் பூட்டு மறுக்கப்படவேண்டும் என்பதை 'மறுக்கப்படும்வரை கேட்டுக்கொண்டிரு' என்று எழுதிவிட்டால், முதல் மூன்று முறை தவறாகப் பூட்டு கிடைத்து நான்காம் முறை மறுக்கப்பட்டாலும் சோதனை தேறிவிடும். தேடவேண்டிய குற்றத்தையே அந்த எழுத்துமுறை மன்னித்துவிடுகிறது.

தோற்ற சோதனையை மீண்டும் ஒருமுறை ஓட்டும் ஏற்பாடும், நிலையற்ற சோதனைகளைக் கெட்டவை என்று பிழைப்பதிவு எண்ணுடன் கோப்பிலேயே குறித்துவைக்கும் ஏற்பாடும் குளஸ்டர் திட்டத்தில் இருந்தன. பிழைப்பதிவு எண்ணைக் கட்டாயமாக்கியது நல்ல ஒழுங்கு. சோதனை ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் ஓரிடத்தில் எழுதப்பட்டு, பின்னர் எவரும் தேடிப் படிக்கக்கூடியதாக இருக்கிறது. ஆனால் குறிக்கும் செயல் ஒரு நிமிடத்தில் முடிவதும், காரணம் தேடும் பணி வாரக்கணக்கில் நீள்வதும், நாளடைவில் ஒதுக்கப்பட்டவை ஒதுக்கப்பட்டவையாகவே தங்கிவிட வழிசெய்கின்றன. எந்தத் திட்டத்திலும் இது நேரும். குளஸ்டரில் சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் கிளையண்ட் 42 நொடிகள் காத்திருந்து இணைப்பு அறுந்ததாகக் கொள்வது இயல்பு அமைப்பு; அறுந்த இணைப்புக்கு உரிய பூட்டுகள் விடுவிக்கப்படும். இந்த 42 நொடியின் இரு கரைகளிலும் நிகழ்வது பற்றிய சோதனைகளே அதிகம் தடுமாறக்கூடியவை. பூட்டு உண்மையில் உடையக்கூடிய இடமும் அதுவே. தடுமாற்றம் மிகுந்த சோதனையே மிகுந்த செய்தியை உடையது என்பதால், அதை முதலில் ஒதுக்கும் வழக்கம் சோதனைத் தொகுப்பின் கூரிய முனையை மழுக்கிவிடுகிறது.

நிலையற்ற சோதனைகளை, அதாவது நிரல் மாறாதிருக்கும்போதே தேறியும் தோற்றும் ஆடுபவற்றை, ஃப்ளேக்கி டெஸ்ட் என்பது தொழில்வழக்கு. 2014-இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களிலிருந்து இத்தகைய சோதனைகளைத் திருத்திய 201 மாற்றங்களை ஆராய்ந்தனர். போதிய அளவு காத்திராமை ஏறத்தாழ 45 சதவீதத்திற்கும், ஒரே நேரத்தில் பல இழைகள் ஓடுவதால் வரும் குழப்பம் சுமார் 20 சதவீதத்திற்கும் காரணமாக இருந்தன. காலவரம்பைக் கூட்டும் வழக்கத்தை ஆதரிப்போர் முதல் எண்ணை எடுத்துக்காட்டுவது இயல்பு. ஆனால் அதே ஆய்வில், திருத்தங்களுள் ஏறத்தாழ கால் பங்கு சோதிக்கப்படும் நிரலையே மாற்றியவை என்பதும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நிரலில் இருந்த உண்மைப் பிழையை நீக்கியவை என்பதும் தெரியவந்தன. பொது மென்பொருள்களுக்கே இந்த நிலை என்றால், ஒரே நேர இயக்கத்தைக் காப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட பூட்டின் சோதனையில் அந்தப் பங்கு குறையும் என்று நம்புவதற்கு இடமில்லை.

மறு ஓட்டத்தின் பக்கம் உள்ள நியாயமும் சொல்லப்படவேண்டும். கூகுள் நிறுவனம் 2016-இல் தெரிவித்தபடி, அங்கு ஓடும் சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் ஏதோ ஒரு அளவில் நிலையற்றவை. தேறிய நிலையிலிருந்து தோற்ற நிலைக்கு மாறியவற்றுள் ஏறத்தாழ 84 சதவீதத்தில் நிலையற்ற சோதனையின் பங்கு இருந்தது. ஒவ்வொரு தோல்வியையும் நிறுத்தி ஆராய்ந்தால் எந்தப் பணியும் முன்னேறாது. புதிதாகச் சேர்ந்த நிரலாளர் தான் தொடாத ஒரு சோதனையின் தோல்விக்காக மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தால், அவர் அடுத்த பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பவே தயங்குவார். தன்னார்வலர்களால் நடக்கும் திட்டத்திற்கு அது பேரிழப்பு. மறு ஓட்டம் இத்தகைய நெருக்கடியில் பிறந்த நடைமுறை அறிவு. அதைத் தடைசெய்வதைவிட, எதற்கு அனுமதி என்று வரையறுப்பதே செய்யக்கூடியது: முன்னேற்றப் பண்பைப் பார்க்கும் சோதனைக்கு மறு ஓட்டம் உண்டு, இருவர் கையில் ஒரே பூட்டு இருந்ததாகக் காட்டிய சோதனைக்கு மறு ஓட்டம் இல்லை, அந்த முதல் ஓட்டத்தின் பதிவேடுகள் அப்படியே எடுத்துவைக்கப்படவேண்டும். இவ்வரையறையைச் செயற்படுத்த ஒவ்வொரு சோதனையும் தான் எந்தப் பண்பைப் பார்க்கிறது என்று தலைப்பிலேயே சொல்லவேண்டியிருக்கும். அப்படிச் சொல்ல முடியாதபடி இரண்டையும் குழப்பி எழுதப்பட்ட சோதனைகளை இரண்டாகப் பிரிக்கவேண்டியிருக்கும்.

தோல்வியே சரியான விடையாக இருக்கும் இடங்களை இவ்வழக்கம் சிறிதும் கணக்கில் கொள்வதில்லை. குத்தகை முடியும்வரை சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் போன கிளையண்டின் பூட்டு பறிபோகும் என்பது முன்பே சொல்லப்பட்டது. இணைப்பு திரும்பியதும் அந்தக் கிளையண்ட் என்ன செய்யவேண்டும்? லினக்ஸ் கிளையண்ட் முன்னர் அந்தப் பூட்டை ஓசையின்றி மறுபடி கேட்டுப் பெற முயன்றது. பெற்றுவிட்டால் மேலே இருந்த நிரலுக்கு எதுவும் தெரியாது. இடைப்பட்ட காலத்தில் வேறொருவர் அதே பூட்டைப் பெற்று, கோப்பை மாற்றி, விட்டுப் போயிருக்கக்கூடும். கவுன்ட்டர் ஒன்றின் இணைப்பு அறுந்திருந்த வேளையில் பக்கத்துக் கவுன்ட்டர் எண்ணிக்கையைக் குறைத்து எழுதியிருக்க, அறுந்த கவுன்ட்டர் மீண்டும் எழுந்து தன் பழைய எண்ணை அதன்மேல் எழுதினால் நேரும் கேடு இது. 2013-இல் இந்த இயல்பு மாற்றப்பட்டு, இழந்த பூட்டை மீட்க முயலாமல், அந்தக் கோப்பின்மீதான படிப்பும் எழுத்தும் பிழை தரும்படி செய்யப்பட்டது. பழைய முறை வேண்டுவோர், தரவு சிதையும் அபாயம் உண்டு என்ற எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தாமே ஒரு அமைப்பை மாற்றிக்கொள்ளவேண்டும். இணைப்பை அறுத்து மீட்டபின் எழுத்து வெற்றி பெறவேண்டும் என்று எழுதப்பட்ட எந்தச் சோதனையும் இம்மாற்றத்தால் தோற்கும். அந்தத் தோல்வியே மென்பொருள் நலமாக இருப்பதன் அடையாளம். அதைத் தேறவைக்கப் பழைய அமைப்பைத் திரும்ப இயக்குபவர், சோதனைக்காகப் பயனரின் தரவைப் பணயம் வைக்கிறார்.

இதற்கு நேரெதிரான நிகழ்வும் உண்டு. 2022-இல் வெளியான லினக்ஸ் 5.19 பதிப்பிலிருந்து, குத்தகை முடிந்த கிளையண்டின் பூட்டைச் சர்வர் உடனே பறிப்பதில்லை. அதனோடு முரண்படும் கோரிக்கை வரும்வரை விட்டுவைக்கிறது. 90 நொடி கழித்துச் சர்வரின் பூட்டுப் பட்டியலைப் பார்த்து, அது காலியாக இருக்கவேண்டும் என்று கேட்கும் சோதனை இங்கே தோற்கும். நெறிமுறை இதை அனுமதிக்கிறது. தனியுரிமை எங்கும் மீறப்படவில்லை. பட்டியலைப் பார்ப்பதற்குப் பதிலாக, இரண்டாவது கிளையண்ட் பூட்டைக் கேட்டால் கிடைக்கிறதா என்று பார்க்கும்படி சோதனையை மாற்றி எழுதுவதே சரி. மேலே கண்ட நிகழ்வில் சோதனையைத் தொடக்கூடாது, இதில் சோதனையைத்தான் தொடவேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே, இயங்குதளத்தின் கருவான கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் காலையில் தோற்ற ஒரு பூட்டுச் சோதனை. நெறிமுறை எதை உறுதியளிக்கிறது என்பதைப் படிக்காமல் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

நன்றாக எழுதப்பட்ட பழைய சோதனைகளிலும் ஒரு வரம்பு இருக்கிறது. சன் நிறுவனம் 1986 முதல் நடத்திவந்த கனெக்டத்தான் என்னும் ஒருங்கியைவுக் கூடல்களில் உருவான பூட்டுச் சோதனைத் தொகுப்பு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் தாய் நிரலும் அதிலிருந்து பிறந்த சேய் நிரலும் ஒரே கோப்பின்மீது பூட்டுக்குப் போட்டியிடுகின்றன. யார் எப்போது செயல்படவேண்டும் என்பதை அவை தூக்கத்தால் தீர்மானிப்பதில்லை, தமக்கிடையே உள்ள குழாய்வழியாக ஒன்றுக்கொன்று சைகை அனுப்பித் தீர்மானிக்கின்றன. நேரத்தை நம்பாமல் நிகழ்வை நம்பும் இந்த எழுத்துமுறை, பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட எத்தனையோ சோதனைகளைவிட உறுதியானது. ஆனால் தாயும் சேயும் ஒரே கணினியில் இருக்கின்றன. ஒரே கிளையண்டுக்குள் எழும் முரணை அந்தக் கிளையண்டின் கெர்னலே தீர்த்துவிட முடியும் என்பதால், சர்வர் தன் கடமையைச் செய்ததா என்பது அங்கே முழுமையாக வெளிப்படுவதில்லை. இரண்டு தனிக் கணினிகளை நிறுத்தி, இடையே உள்ள இணைப்பை வேண்டியபோது அறுத்து, சர்வரை நடுவில் நிறுத்தி எழுப்பி, எழுந்தபின் பழைய பூட்டுகளை மீட்டுக்கொள்வதற்கென்று விடப்படும் சலுகைக் காலத்தில் புதிய பூட்டு மறுக்கப்படுகிறதா என்றும் பார்த்தால்தான், வலையமைப்புப் பூட்டு சோதிக்கப்பட்டதாகும். இத்தகைய சோதனை ஒன்று ஓட நிமிடக்கணக்கில் ஆகும். அதை ஒவ்வொரு பேட்சுக்கும் ஓட்ட முடியாது. இரவில் ஒருமுறை ஓட்டினால் போதும். அந்த இரவு ஓட்டம் தோற்ற காலையில், மறுபடி ஓட்டும் பொத்தானை அழுத்தும் முன், இரு கிளையண்டுகளின் பதிவேடுகளையும் சர்வரின் பதிவேட்டையும் அருகருகே வைத்து நொடிவாரியாக ஒப்பிடும் பொறுப்பு ஒருவரின் பெயரில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.